அரச ஆபரணங்களைக் கைவிடாத சுல்தான் இஸ்மாயில்

திருவிழா நாளில் அம்பாளுக்குச் சாத்தப்படும் திருவாபரணப் பெட்டியின் சாவி எவரிடம் இருக்கிறதோ, அவரே பொறுப்பாளர் என்பதை ஆலயத் தொண்டில் ஈடுபட்டோர் நன்கறிவர். ஒரே பதவிக்கு இருவர் உரிமை கோரும் வேளையில் அந்தச் சாவியின் மதிப்பு இன்னும் கூடிவிடும். ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர், பேரா மாநிலத்தின் அரியணைக்கே அத்தகைய நிலை ஏற்பட்டது. அப்போது அரச ஆபரணங்களைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, எவர் கேட்டும் விட்டுக்கொடாதிருந்தவர் சுல்தான் இஸ்மாயில் ஆவார். பங்கோர் உடன்படிக்கைக்கு வராதவர் என்ற ஒரே வரியில் பள்ளி வரலாற்று நூல்கள் அவரை முடித்துவிடுகின்றன. அவரது வாழ்வு அதனினும் விரிவாகச் சொல்லத்தக்கது.

இஸ்மாயில் தந்தை வழியில் சுமத்திராவின் சியாக் நாட்டைச் சேர்ந்தவர். பேரா அரச குலத்தோடு அவருக்கு இருந்தது தாய்வழி உறவேயாகும். ஆயினும் ராஜா பெண்டகாரா என்னும் உயர்ந்த பதவியை வகித்தார். 1871ஆம் ஆண்டு சுல்தான் அலி காலமானார். மறைந்த மன்னரை நல்லடக்கம் செய்யுமுன் அடுத்த மன்னரை அறிவித்தல் வேண்டும் என்பது பேராவின் வழக்கம். பட்டத்துக்கு உரிய ராஜா மூடா அப்துல்லாவோ இறுதிச் சடங்குக்கு வரவில்லை. மற்றோர் உரிமையாளரான ராஜா யூசோப்பைப் பிரமுகர்கள் விரும்பவில்லை. லாருட் ஈயச் சுரங்கங்களால் பெருஞ்செல்வரான மந்திரி ஙா இப்ராகிம் முதலானோர் இஸ்மாயிலையே அரியணையில் அமர்த்தினர். அவரை வலிமைமிக்க மன்னர் என்று கூறுவதற்கில்லை. வயது முதிர்ந்தவர், அமைதியானவர், பிரமுகர்களின் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர். பேரா ஆற்றங்கரையில் உள்ள பிளாஞ்சாவில் தங்கியே ஆட்சி செய்தார்.

அவரிடம் வந்து சேர்ந்த அரசுச் சின்னங்களின் சிறப்பை இங்கே கூறுதல் பொருத்தமாகும். மலாக்காவின் கடைசி சுல்தானாகிய மாமூட் ஷாவின் மைந்தர் முஸாபர் ஷா, 1528ஆம் ஆண்டு பேராவின் முதல் சுல்தானானார். அந்தப் பரம்பரையின் உரிமைச் சான்றுகளாக இவை போற்றப்படுகின்றன. அவற்றுள் தலையாயது சூரா சி மஞ்சாக்கினி என்னும் வாள். பலெம்பாங்கின் சிகுந்தாங் குன்றில் தோன்றிய சாங் சபுர்பா என்ற ஆதி மன்னருடையது அவ்வாள் என்றும், சக்திமுனா என்னும் பெரும்பாம்பை வெட்டியதால் அதன் கூர்முனையில் பல வடுக்கள் ஏற்பட்டன என்றும் மலாய் மரபு கூறும். ஹங் துவாவின் தாமிங் சாரி கிரீஸ், இடி என்று பொருள்படும் ஹாலிலிந்தார் முத்திரை, பனித்துளியின் பெயர் கொண்ட மெஸ்திகா எம்புன் என்னும் கல், பொன்னாலான வெற்றிலைப் பேழை, நாக வடிவில் அமைந்த கைவளைகள், நோபாட் முரசுகள் ஆகியனவும் அவற்றில் அடங்கும். பழந்தமிழ் வேந்தரும் தம் காவல் முரசை உயிரினும் மேலாகக் காத்தனர். அதை இழந்தால் அரசையே இழந்ததாகக் கருதினர்.

தமிழர்க்கு வியப்பளிக்கும் செய்தி வேறொன்றும் உண்டு. மலாய் மரபு வரலாறு சாங் சபுர்பாவின் முன்னோருள் ராஜா சூரான், ராஜா சூலான் ஆகியோரைக் குறிப்பிடுகிறது. சூலான் என்பது சோழர் நினைவே என்று கருதும் அறிஞர்கள் உளர். முடிசூட்டு விழாவில் சிரி என்னும் புகழுரை ஓதப்படும். அது வடமொழியிலிருந்து வந்ததாகும். அதனை ஓதும் உரிமை ஸ்ரீ நர டிராஜா என்ற பட்டமுடைய குடும்பத்தைச் சார்ந்தது. அந்தக் குலத்தின் முதல்வர் ஒரு காளையின் வாய் நுரையிலிருந்து பிறந்தார் என்பது ஐதிகம். அதனால் அக்குடும்பத்தார் மாட்டிறைச்சி உண்பதில்லை என்றும் பதிவு உண்டு.

1874 ஜனவரி 20ஆம் நாள் பங்கோர் தீவருகே, ஆளுநர் ஆண்ட்ரு கிளார்க் முன்னிலையில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன்படி அப்துல்லா சுல்தானாக ஏற்கப்பட்டார். இஸ்மாயிலுக்குச் சுல்தான் மூடா என்ற பட்டமும் உதவித் தொகையும் சிறிது நிலப்பகுதியும் அளிப்பதாக எழுதப்பட்டது. அவரோ அங்கு வரவும் இல்லை. ஒப்புதல் தரவும் இல்லை. அவரை அரியணையில் ஏற்றிய ஙா இப்ராகிமே அந்த ஏட்டில் ஒப்பமிட்டது காலத்தின் கோலம் எனலாம்.

ஏட்டில் சுல்தானான அப்துல்லாவிடம் வாளும் இல்லை, முத்திரையும் இல்லை, முரசும் இல்லை. அவையின்றி முறையான முடிசூட்டு விழா நடத்த இயலாது. குடிமக்களில் பலர் பிளாஞ்சாவையே அரசின் இருப்பிடமாகக் கருதினர். 1874 நவம்பரில் முதல் ரெசிடெண்டாகப் பதவியேற்ற பர்ச், அந்தச் சின்னங்களைப் பெறுவதற்குப் பெரிதும் முயன்றார். இஸ்மாயில் சினந்து பேசவில்லை; நேராக மறுக்கவும் இல்லை. வந்தவர்களை மரியாதையோடு வரவேற்று, காலம் தாழ்த்தி அனுப்பினார். பிரமுகர்கள் கூடி ஒப்படைத்த பொருளை, ஓர் ஆளுநரின் கடிதத்துக்காகக் கொடுப்பது முறையாகாது என்ற நிலையிலிருந்து அவர் அசையவில்லை. படைபலமோ செல்வமோ இல்லாத அம்முதியவரிடம் இந்த உறுதி இருந்தது பெரிது.

1875 நவம்பர் 2ஆம் நாள் பாசிர் சாலாக்கில் பர்ச் கொல்லப்பட்டார். உடனே ஆங்கிலேயப் படைகள் பேராவுக்குள் புகுந்தன. டிசம்பரில் பிளாஞ்சாவும் அடுத்துக் கிந்தாவும் வீழ்ந்தன. இஸ்மாயில் காட்டு வழியே வடக்கு நோக்கிப் பின்வாங்கினார். மழையிலும் பசியிலும் அலைந்து, 1876 மார்ச்சில் சரணடைந்தார். அத்துடன் சின்னங்களும் அவர் கையை விட்டு நீங்கின. கொலைச் சதியில் தொடர்புடையவர் எனக் கருதப்பட்டு, ஜொகூருக்கு அனுப்பப்பட்டார். அவருக்கு எதிராக நின்ற அப்துல்லாவும் தப்பவில்லை. 1877இல் செஷெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். ஙா இப்ராகிமுக்கும் அதே கதி நேர்ந்தது. ஒருவருக்கும் வேண்டாதவராயிருந்த யூசோப்பே முதலில் ஆட்சிப் பொறுப்பாளராகவும், 1886இல் சுல்தானாகவும் ஆனார். அடுத்த ஆண்டே அவர் மறைய, சுல்தான் இட்ரிஸின் நீண்ட ஆட்சி தொடங்கியது.

இஸ்மாயில் ஜொகூரில் நாள்களைக் கழித்த அந்த 1877ஆம் ஆண்டில்தான் கோலகங்சாரில் முதல் ரப்பர்க் கன்றுகள் ஊன்றப்பட்டன. பின்னாளில் சுங்கை சிப்புட், ஈப்போ வட்டாரத் தோட்டங்களுக்கு நம் முன்னோரை அழைத்துவந்த மரம் அது. முதிய மன்னர் அதனைக் கண்டாரில்லை. 1889ஆம் ஆண்டு அவர் ஜொகூரில் காலமானார்.

அவர் காத்த சின்னங்கள் இன்றும் பேரா அரச குடும்பத்தின் பொறுப்பில் உள்ளன. 2015 மே 6ஆம் நாள் கோலகங்சார் இஸ்தானா இஸ்கந்தாரியாவில், சுல்தான் இட்ரிஸின் வழிவந்த சுல்தான் நஸ்ரின் ஷா முடிசூடியபோது, வடுக்கள் நிறைந்த அதே வாள் விழா மண்டபத்தில் இடம்பெற்றது.