கரியை எரிபொருளாக்கிய டி.வி. சுந்தரம் அய்யங்கார்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. வேதியியல் மாணவர்)

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பது நம் நாட்டுப் பழமொழி. புல் ஆயுதமாகுமோ ஆகாதோ, அடுப்பில் போடும் கரி மோட்டார் வண்டிக்குத் தீனியாகும் என்று தென்னாட்டுச் சாலைகளில் காட்டியவர்களில் முன்னின்றவர் டி.வி. சுந்தரம் அய்யங்கார். அவர் பெயரைத் தாங்கிய டி.வி.எஸ். வண்டிகள் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் காய்கறி மூட்டையோடும் பால் கேனோடும் ஓடுவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். வண்டியை அறிந்த அளவுக்கு அந்த மனிதரை நாம் அறிந்திருக்கிறோமா?

பிறப்பும் பணியும்

சுந்தரம் அய்யங்கார் 1877-ஆம் ஆண்டு மார்ச் 22-ஆம் நாள் நெல்லைச் சீமையில் உள்ள திருக்குறுங்குடியில் பிறந்தார். முதலில் வக்கீல் தொழிலில் இறங்கினார், மனம் ஒட்டவில்லை. ரயில்வேயில் பணியாற்றினார், பிறகு வங்கியில் பணியாற்றினார். அந்நாளில் ரயில்வே உத்தியோகம் என்றால் ஊரே எழுந்து நிற்கும். அதையும் விட்டுவிட்டு, முப்பத்தைந்து வயதை நெருங்கும்போது யாரும் துணியாத மோட்டார் தொழிலில் காலை வைத்தார்.

மாட்டு வண்டியும் ஜட்காவும் ஆண்ட காலம் அது. 1912-இல் தஞ்சைக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே அவருடைய பேருந்து ஓடத் தொடங்கியது. பின்னர் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு தொழில் வளர்ந்தது. குறித்த நேரத்தில் வண்டி புறப்பட வேண்டும், குறித்த நேரத்தில் சேர வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பானவர். அவருடைய பேருந்து வருவதைப் பார்த்து மக்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள் என்ற பேச்சு இன்றும் உண்டு. மாடுகளின் லாடத்திலிருந்து கழன்று விழுந்த ஆணிகள் டயரைப் பதம் பார்த்தபோது, காந்தத்தைக் கொண்டு சாலையைத் துடைக்கச் செய்தார் என்றும் சொல்வார்கள்.

பெட்ரோல் வற்றியது

1939-இல் இரண்டாம் உலகப் போர் மூண்டது. பெட்ரோல் படைக்குப் போயிற்று. 1941-இல் இந்தியாவில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும், அங்கிருந்து வந்துகொண்டிருந்த எண்ணெயும் நின்றது. வண்டி இருக்கிறது, ஓட்டுநர் இருக்கிறார், சாலை இருக்கிறது; எண்ணெய் மட்டும் இல்லை. பேருந்து நின்றால் சந்தை நிற்கும், வைத்தியம் நிற்கும், பலர் பிழைப்பும் நிற்கும்.

சுந்தரம் அய்யங்கார் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. கரியிலிருந்து வாயு எடுத்து இயந்திரத்தை ஓட்டும் கலத்தைத் தம் பட்டறையில் வடிவமைத்து உருவாக்கினார். டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட் என்று அதற்குப் பெயர். பெட்ரோலுக்காகப் பிறந்த வண்டி கரிக்கு மாறியது.

கரி எப்படி வண்டியை ஓட்டும்?

வேதியியல் மாணவர்களாகிய நமக்கு இது சுவையான பாடம். நீண்ட இரும்புக் கலத்தில் மரக்கரியை நிரப்பி, அடியில் நெருப்பு மூட்டுவார்கள். காற்றை அளவோடுதான் உள்ளே விடவேண்டும். கரி எரிந்து முதலில் கார்பன் டை ஆக்சைடு உண்டாகும். அது தணலாய்ச் சிவந்திருக்கும் கரியின் ஊடே செல்லும்போது கார்பன் மோனாக்சைடாக மாறும். சிறிது நீராவியும் சேர்ந்தால் ஹைட்ரஜன் கிடைக்கும். இந்த இரண்டும்தான் எரியக்கூடியவை. வரும் வாயுவில் ஏறக்குறையப் பாதி, எரியாத நைட்ரஜன். வாயுவைக் குளிரவைத்து, சாம்பலையும் தூசியையும் வடிகட்டி, காற்றோடு கலந்து இயந்திரத்துக்குள் செலுத்துவார்கள். பெட்ரோல் இயந்திரத்தில் தீப்பொறிச் செருகி ஏற்கெனவே இருப்பதால் வாயு எளிதில் பற்றிக்கொள்ளும். இயந்திரத்தையே மாற்றவேண்டியதில்லை, தீனி வரும் வழியைத்தான் மாற்றவேண்டும்.

ஆனால் சுகமான மாற்றம் என்று நினைத்துவிடக் கூடாது. நைட்ரஜன் கலப்பால் வண்டியின் வலிமை மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறைந்துவிடும். காலையில் ஊதுசக்கரத்தைக் கையால் சுற்றித் தணல் பிடிக்கவைத்து, நல்ல வாயு வரும் வரை காத்திருக்க வேண்டும். வழியில் நின்று கரி போடவேண்டும்; சாம்பல் தட்டவேண்டும். மேடு வந்தால் பயணிகள் இறங்கி நடந்ததும் உண்டு, தள்ளியதும் உண்டு. கார்பன் மோனாக்சைடோ மணமில்லா நஞ்சு. மூடிய கொட்டகையில் கசிந்தால் உயிரையே குடித்துவிடும்.

இது தென்னாட்டுக்கு மட்டும் நேர்ந்ததன்று. பிரான்சில் ஜார்ஜ் இம்பெர் என்பவர் 1920-களிலேயே விறகு வாயுக் கலத்தை வடிவமைத்திருந்தார். போர்க்காலத்தில் ஸ்வீடன் நாட்டு வண்டிகளில் பெரும்பாலானவை விறகிலும் கரியிலும்தான் ஓடின. அறிவு அங்கிருந்து வந்திருக்கலாம். அதை நம் மண்ணில், நம் கரியில், நம் தொழிலாளர் கைகளால் செய்துகாட்டுவது வேறு வேலை.

இங்கே ஒன்றை நினைக்கவேண்டும். மூட்டம் போட்டு ஒரு கிலோ கரி எடுக்க நாலைந்து கிலோ மரம் வேண்டும். நம் மாவட்டத்தில் மரம் வெட்டிக் கரி மூட்டம் போடுபவர்கள் வெயிலிலும் புகையிலும் கண் எரிய நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அன்று பேருந்தை ஓடவைத்தது அவர்களைப் போன்றவர்களின் உழைப்பும்தான். அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. பெரியவர் ஒருவரின் வாழ்க்கையைச் சொல்லும்போது, அவர் கலத்தில் எரிந்த கரிக்குப் பின்னால் இருந்தவர்களையும் சொல்லாமல் விடுவது முறையன்று.

பிற்காலம்

போர் முடிந்து பெட்ரோல் திரும்பியதும் கரிக் கலங்கள் கழற்றப்பட்டன. ஆனால் பட்டறையில் கற்ற கைத்திறன் வீண்போகவில்லை. மோட்டார் உறுப்புகள் செய்யும் ஆலைகளாக அது பிற்காலத்தில் பெருகியது. அவருடைய மகள் சௌந்தரம் இளம் வயதில் கணவரை இழந்தபோது, மூலையில் உட்காரவைக்காமல் மருத்துவம் படிக்க ஊக்கமளித்த குடும்பம் அது. அந்த டாக்டர் சௌந்தரமே பின்னர் காந்திகிராமத்தை உருவாக்கியவர்களில் ஒருவரானார். சுந்தரம் அய்யங்கார் 1955-இல் மறைந்தார். 1972-இல் அவர் குடும்பத்தின் பேருந்துகள் அரசுடைமையாகி, மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது.

நமக்கு என்ன?

2024-இல் தமிழக அரசுப் பேருந்துகள் சிலவற்றை இயற்கை எரிவாயுவுக்கு மாற்றி ஓட்டிப்பார்த்தார்கள். மின்சார வண்டிகளும் வந்துவிட்டன. எண்ணெய் எங்கோ ஒரு நாட்டிலிருந்து வரும்வரை, எங்கோ நடக்கும் போர் நம் ஊர்ச் சாலையைத் தொடத்தான் செய்யும்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பட்டம் வாங்கினால் உத்தியோகம், உத்தியோகம் என்றால் அரசாங்க உத்தியோகம் என்பதே என் பெற்றோரின் கனவு. அது தவறான கனவு அன்று. கூலி வேலையில் தேய்ந்தவர்கள் காணும் நியாயமான கனவு. கிடைத்த வேலையை விட்டுவிடத் துணியும் வசதியும் நம்மில் பலருக்கு இல்லை. எனவே வேலையை உதறுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். எந்த வேலைக்குப் போனாலும், எண்ணெய் தீர்ந்த நாளில் கரியைத் தேடும் மனம் நமக்கு வேண்டும் என்பேன். நம் ஆய்வகத்தில் படிக்கும் கார்பன் மோனாக்சைடு தேர்வுக்கு மட்டுமன்று. ஒரு காலத்தில் அது ஊரையே சுமந்து ஓடியிருக்கிறது. படித்ததைப் பயன்படுத்தும் துணிவு நமக்கும் வரட்டும்!