மூன்று குரலில் பேசிய மாறன்... நம்மாழ்வார் வாழ்க்கை சொல்லும் மனசுப் பாடம்!

நம்ம வீட்டுல ஒருத்தர் திடீர்னு பேச்சைக் குறைச்சுட்டா என்ன செய்வோம்? திமிர் என்போம், இல்லைன்னா கண்ணு பட்டுடுச்சு என்போம். மனசுல என்ன வலி என்று கேட்க மட்டும் மறந்துவிடுவோம்.

இந்தத் தவறைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே புரிந்துவைத்திருந்தவர் நம்மாழ்வார். தாமிரபரணிக் கரையில் இருக்கும் ஆழ்வார்திருநகரிதான் இவர் ஊர். அன்றைய பெயர் திருக்குருகூர். காரி - உடையநங்கை தம்பதிக்குப் பிறந்த குழந்தை அழவில்லை, பாலும் குடிக்கவில்லை. கலங்கிப்போன பெற்றோர் மாறன் எனப் பெயரிட்டு, ஆதிநாதர் கோயில் புளியமரத்தடியில் விட்டார்கள். 16 வருடம் அங்கேயே பேசாமல் இருந்தார் என்கிறது வைணவ மரபு.

பக்கத்து ஊரான திருக்கோளூரைச் சேர்ந்தவர் மதுரகவி. வடநாட்டு யாத்திரையில் இருந்தவர், தெற்கே தெரிந்த ஒளியைத் தேடி இங்கே வந்தார். கல்லைப் போட்டுச் சத்தம் எழுப்பினார், ஒரு கேள்வி கேட்டார். மாறன் வாய் திறந்தார். வயதில் மூத்தவரான மதுரகவி, ஈகோ பார்க்காமல் அந்தச் சிறுவனையே குருவாக ஏற்றார்.

அதன்பின் பிறந்தவைதான் நான்கு நூல்கள். அவற்றில் பெரியது, 1,102 பாசுரங்கள் கொண்ட திருவாய்மொழி. திருமாலுக்காக ஏங்கும் தன் மனதை அதில் ஒரு காதலியாகவே மாற்றிப் பாடினார். அதோடு நிற்கவில்லை. அவளைப் பார்த்துத் தவிக்கும் அம்மாவாகவும், நடுவில் நிற்கும் தோழியாகவும் பாடினார். என்னை ஏன் திட்டுகிறீர்கள் என்று மகள் குமுறும் பதிகத்துக்கு அடுத்ததே, மகளுக்கு என்ன ஆயிற்று என்று புரியாமல் கலங்கும் அம்மாவின் பதிகம்!

இன்னொரு இடத்தில், பெண்ணுக்குப் பேய் பிடித்துவிட்டதாக நினைத்து வெறியாட்டுக்கு ஏற்பாடு நடக்கிறது. தோழி தடுக்கிறாள். நோயே வேறு, இந்த மருந்து வேலைக்காகாது என்கிறாள். வலிக்குச் சரியான பெயர் சொல்ல அவளுக்குத்தான் தெரிந்திருக்கிறது.

தன் உணர்வையும் அடுத்தவர் உணர்வையும் இப்படிப் பிரித்தறியும் திறனுக்கு, 1990-ல் பீட்டர் சலோவே, ஜான் மேயர் என்ற உளவியலாளர்கள் விளக்கம் கொடுத்தார்கள். எமோஷனல் இன்டெலிஜென்ஸ் என்றார்கள்.

மாறன் இந்த உலகில் இருந்தது 35 வருடம்தான் என்பார்கள். அந்தப் புளியமரம் இன்றும் கோயிலில் நிற்கிறது. அடுத்தமுறை வீட்டில் சண்டை வந்தால், பதில் மெசேஜ் தட்டும் முன் அம்மாவின் குரலில் ஒருமுறை யோசித்துப் பாருங்கள். பாதிக் கோபம் அங்கேயே அடங்கிவிடும்!