மூசா இப்னு மைமூன்

ஹஜ்ஜுப் பெருநாள் தோறும் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவிலும் கிள்ளான் பள்ளிவாசல்களிலும் நபி இபுறாகீம் (அலை) அவர்களின் தியாகத்தைக் கேட்டு வருகிறோம். யூதர்களின் வேதத்திலும் அச்சரிதம் உண்டு. அங்கே மகன் பெயர் இஸ்ஹாக். லூத் நபியின் ஊருக்கு அழிவு வந்தபோது, 50 நல்லவருக்காக அவ்வூரை விடும்படி தொடங்கி 10 பேர் வரை இறங்கி இறைவனிடம் மன்றாடியவரும் இபுறாகீம் நபியே என்று அதே வேதம் கூறுகிறது. அப்படியாயின் இறைகட்டளைக்குக் காரணம் கேட்கலாமா, கேளாமல் பணிவதே முறையா? இதை ஆராய்ந்த யூத அறிஞர்களில் தலைசிறந்தவர் மூசா இப்னு மைமூன்.

அன்னார் 1138-ஆம் ஆண்டளவில் ஸ்பெயின் தேசத்துக் குர்துபாவில் பிறந்தார். முவஹ்ஹிதீன்கள் அந்நகரைப் பிடித்த பின்னர் யூதர் தம் மதத்தோடு வாழ இடமின்றிப் போயிற்று. குடும்பம் பல ஊர் அலைந்து, முடிவில் மற்றொரு முஸ்லிம் நாடான மிஸ்ரில் புஸ்தாத் நகரில் குடியேறிற்று.

அண்ணன் கிதாபுகளோடு இருக்க, தம்பி தாவூது இரத்தின வியாபாரம் செய்து குடும்பத்தைத் தாங்கினார். இந்தியக் கடலில் அவர் சென்ற கப்பல் மூழ்கிற்று. தம் முதல், அண்ணன் முதல், பிறர் நம்பிக் கொடுத்த முதல் யாவும் அவரோடு போயின. அவர் மனைவியும் சிறு மகளும் அண்ணன் பொறுப்பாயினர். அண்ணனோ ஏறக்குறைய ஓராண்டு நோயுற்றுப் படுக்கையில் கிடந்தார். கடல் கடந்து பிழைக்க வந்த நம்மவர்க்கு இத்துயரை விளக்க வேண்டியதில்லை.

பிறகு எழுந்து வைத்தியத்தால் ஜீவனம் செய்தார். சுல்தான் சலாஹுத்தீனின் அமைச்சர் அல்காழி அல்பாழில் அவரை ஆதரித்தார். யூத வேதத்தின் 613 கட்டளைகளை 248 ஏவல், 365 விலக்கல் என வகுத்து அரபியில் எழுதினார். 1190-ஆம் ஆண்டளவில் முடித்த மற்றோர் அரபி நூலில் அக்கட்டளைகளின் காரணங்களை ஆராய்ந்தார்.

காரணம் தேடுவதே தவறு என்போரை அவர் மறுத்தார். மனிதனே பயன் கருதிச் செய்கையில், இறைவன் பயனின்றி ஏவுவானோ என்பது அவர் வாதம். ஆனால் காரணம் புலப்படவில்லை என்று கட்டளையை இலேசாக எண்ணலாகாது என்றும் எச்சரித்தார். இபுறாகீம் நபி மூன்று நாள் வழி நடந்து பலியிடத்தை அடைந்ததை அவர் எடுத்துக் காட்டுகிறார். கேட்டவுடன் செய்திருந்தால் அது திகைப்பில் செய்த காரியமாகும். நாட்கணக்கில் சிந்தித்த பின்னும் செய்ததே மெய்யான பணிவு என்பது அவர் துணிபு.

1204-இல் அவர் காலமானார். 1232-இல் பிரான்சு நாட்டின் தென்பகுதி யூதகுருமார் சிலர் அந்நூலைப் படிக்கலாகாது எனத் தடை விதித்தனர். ஆயினும் நூல் நிலைத்து, இன்றும் படிக்கப்படுகிறது.

முதலாளி சொன்ன வேலைக்குக் காரணம் கேட்கும் கடைப்பையன்களில், வேலையைத் தட்டிக் கழிக்கக் கேட்பவனும் உண்டு. செவ்வையாகச் செய்யக் கேட்பவனும் உண்டு. இவ்விருவரையும் வியாபாரிகளாகிய நாம் நன்கறிவோம். நம் பிள்ளைகள் மார்க்க விஷயத்தில் காரணம் கேட்கும்போதும் அதட்டி அடக்காமல், எதற்காகக் கேட்கிறார்கள் என்பதை முதலில் அறிவோமாக.