விஞ்ஞானத்துக்குத் தமிழ்ச் சொல் தேடிய துறவி

விபுலானந்த அடிகள் என்றால் காவி உடையும் யாழ் ஆராய்ச்சியும்தான் பலருக்கும் நினைவு வரும். பள்ளிப் பிள்ளைகள் தமிழில் விஞ்ஞானம் படிப்பதற்கும் அவர் பாடுபட்டார். அந்த வேலையில் அவரோடு கை கோத்தது நெல்லைச் சீமை!

இரண்டு படிப்பு

இலங்கையில் கல்முனைக்கு அருகே உள்ள காரைதீவில் 1892-ம் ஆண்டு அவர் பிறந்தார். இளமைப் பெயர் மயில்வாகனம். 1916-ல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையில் தேறினார். 1920-ல் லண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. பட்டம் பெற்றார். தமிழும் தெரியும், விஞ்ஞானமும் தெரியும்!

யாழ்ப்பாணத்தில் விஞ்ஞான ஆசிரியராக வேலை பார்த்தார். 1924-ல் ராமகிருஷ்ண மடத்தில் துறவு பூண்டார். 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியர் ஆனார்.

சொல் இல்லையே!

அந்தக் காலத்தில் உயர்நிலைப் பள்ளிகளில் விஞ்ஞானம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. பிள்ளைகள் பொருள் தெரியாமல் மனப்பாடம் செய்தார்கள்.

தமிழில் பாடம் நடத்தலாம் என்றால், சொற்கள் வேண்டுமே! ஓர் ஊர் ஆசிரியர் ஒரு சொல்லும், அடுத்த ஊர் ஆசிரியர் வேறு சொல்லும் சொன்னால் என்ன ஆகும்? பாடப் புத்தகத்தில் ஒன்று இருக்கும், பரீட்சைத் தாளில் வேறொன்று வரும். மாணவன் திண்டாடிப் போவான்.

சொல்லே பொருளையும் காட்ட வேண்டும். வெப்பமானி என்றால் வெப்பத்தை அளக்கும் கருவி என்று சிறு பிள்ளைக்கும் விளங்கிவிடும்.

நெல்லையின் முயற்சி

1934-ல் திருநெல்வேலியில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் தோன்றியது. அதன் தூண் போல் நின்றவர் இ.மு.சுப்பிரமணிய பிள்ளை. சங்கம் 1936-ல் சென்னையில் சொல்லாக்க மாநாட்டைக் கூட்டியது. தலைமை தாங்கியவர் விபுலானந்தர்.

தமிழ்ப் புலவர்களும் விஞ்ஞானம் கற்றவர்களும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். பௌதிகம், ரசாயனம், கணிதம், தாவரவியல், விலங்கியல் என்று துறை துறையாகச் சொற்களைத் தேர்ந்தார்கள். 1938-ல் சுமார் 10,000 சொற்களுடன் 'கலைச்சொற்கள்' நூல் வெளிவந்தது.

உயர்நிலைப் பள்ளிப் பாடங்கள் தமிழுக்கு மாறத் தொடங்கிய நேரம் அது. பாடப் புத்தகம் எழுதுவோருக்கு நல்ல துணை கிடைத்தது.

சண்டையும் மூண்டது. 1940-ல் சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் அரசாங்கம் ஒரு சொல் குழு அமைத்தது. வடமொழிச் சொற்கள் மிகுந்துவிடும் என்று தமிழறிஞர்கள் கிளர்ந்தெழுந்தார்கள்.

கடைசி நாட்கள்

1943-ல் அடிகள் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் ஆனார். 1947 ஜூனில் அவருடைய 'யாழ் நூல்' அரங்கேறியது. அடுத்த மாதம் 19-ந் தேதி அவர் காலமானார்.

இன்று தாமிரபரணிக் கரைக் கிராமத்துப் பிள்ளை தன் தாய்மொழியில் விஞ்ஞானம் படிக்கிறது. அந்தப் பாதைக்குக் கல் சுமந்தவர்களில் இந்தத் துறவியும் ஒருவர்.