ஊடுபயிர் விதைத்த அறிஞர்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்

எங்கள் ஊரில் பருத்தி விதைக்கும்போது வரிசைகளுக்கு இடையே உளுந்தும் ஊன்றுவார்கள். பருத்தி வெடிக்க ஐந்தாறு மாதம் ஆகும். உளுந்தோ எழுபது நாளில் வீடு வந்து சேரும். மண்ணுக்குத் தழைச்சத்தும் கொடுக்கும். இதற்கு ஊடுபயிர் என்று பெயர். அறிவு என்னும் நிலத்திலும் ஊடுபயிர் விதைத்த ஒருவரின் வாழ்க்கையையே இங்கே கூற விரும்புகிறேன். அவர்தாம் சார்லஸ் டார்வின்.

1809ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் இங்கிலாந்திலுள்ள ஷ்ரூஸ்பரி நகரில் டார்வின் பிறந்தார். மருத்துவரான தந்தை, மகனையும் மருத்துவனாக்க எண்ணி எடின்பரோவுக்கு அனுப்பினார். அப்படிப்பு மகனுக்குப் பிடிக்கவில்லை. பாதிரியார் ஆகட்டும் என்று கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார். அங்கோ வண்டு பிடிப்பதிலேயே அவர் மனம் சென்றது. 1831 டிசம்பரில் பீகிள் கப்பலில் புறப்பட்டு, உலகைச் சுற்றிவிட்டு 1836 அக்டோபரில் திரும்பினார். மறு ஆண்டே, உயிரினங்கள் காலப்போக்கில் மாறுகின்றன என்ற எண்ணத்தைக் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கிவிட்டார். ஆனால் உயிரினங்களின் தோற்றம் பற்றிய அவருடைய நூல் வெளிவந்ததோ 1859 நவம்பரில்! இடையே 22 ஆண்டுகள். அத்தனை நீண்ட காலம் ஒரே எண்ணத்தைச் சுமந்தவர் எவ்வாறு சோர்ந்து விழாமல் இருந்தார்?

இத்தனைக்கும் அவர் நோயாளி. வாந்தியும் தலைவலியும் வாட்டின. ஒரு நாளில் சில மணி நேரமே வேலை செய்ய முடியும். கென்ட் மாவட்டத்தில் டவுன் என்னும் சிற்றூரில் 1842இல் குடியேறியவர், இறுதிவரை அங்கேயே வாழ்ந்தார்.

அவர் முதலில் விதைத்த ஊடுபயிர் பார்னக்கிள். பாறையிலும் படகின் அடியிலும் ஒட்டிக்கொண்டு வாழும் சிறு கடலுயிர் அது; நண்டு, இறால் ஆகியவற்றின் உறவு. சிலி நாட்டுக் கடற்கரையில் தாம் கண்டெடுத்த விந்தையான ஒன்றை ஆராய 1846இல் நுண்ணோக்கியின் முன் அமர்ந்தார். சில மாத வேலை என்றுதான் எண்ணினார். அது எட்டு ஆண்டுகளை விழுங்கிவிட்டது! அவருடைய குழந்தைகளில் ஒன்று, பக்கத்து வீட்டுப் பெரியவர் தம் பார்னக்கிள்களை எங்கே வைத்துப் பார்ப்பார் என்று கேட்டதாம். எல்லா அப்பாக்களுக்கும் அதுதான் தொழில் என்று நினைத்துவிட்டது போலும்! இறுதியில் டார்வினுக்கே அவ்வுயிரியின் மேல் வெறுப்பு வந்துவிட்டது.

உழைப்பு வீணாகிவிடவில்லை. ஒரே இனத்திலும் உயிருக்கு உயிர் எவ்வளவு வேறுபாடு உண்டு என்பதை அவர் கண் பழகிக்கொண்டது. 1853இல் ராயல் சொசைட்டியின் பதக்கமும் கிடைத்தது. ஆயினும் ஊடுபயிர் தலைக்கு மேல் வளர்ந்து பருத்திக்கு நிழலடித்துவிட்டது என்பதை மறைக்க முடியாது. 1856இல் பெரிய நூலை எழுதத் தொடங்கி அது பாதியில் நின்ற வேளையில், 1858 ஜூனில் வாலஸ் என்னும் இளம் ஆய்வாளரின் கடிதம் வந்தது. அதே கருத்தை அவரும் கண்டறிந்திருந்தார்! இருவர் கட்டுரைகளும் ஜூலை முதல் நாள் லண்டன் லின்னேயன் சங்கத்தில் ஒன்றாகப் படிக்கப்பட்டன. அதன்பின் டார்வின் விரைந்து எழுதியதே 1859ஆம் ஆண்டு நூல்.

அடுத்து, வளர்ப்பு விலங்குகளும் பயிர்களும் மாறுபடுவது பற்றி 1860இல் எழுதத் தொடங்கினார். இரண்டு தொகுதிகள் முடிய 1868 ஆயிற்று. இம்முறை ஊடுபயிரை அளவறிந்து விதைத்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. 1860 கோடையில் ஓய்வுக்குச் சென்ற இடத்தில், பூச்சி பிடிக்கும் ட்ரோசிராவைக் கண்டு சோதனை தொடங்கினார். 1862இல் ஆர்கிட் மலர்கள் பற்றிய நூலை முடித்தார். மடகாஸ்கர் ஆர்கிட் ஒன்றின் தேன்குழல் ஏறத்தாழ ஓரடி நீளம் இருப்பதைக் கண்டு, அவ்வளவு நீண்ட உறிஞ்சுகுழல் உடைய விட்டில் அங்கே இருந்தாக வேண்டும் என்றார். அவர் மறைந்தபின், 1903இல் அத்தகைய விட்டில் விவரிக்கப்பட்டது. நோயுற்று அறையில் கிடந்த நாட்களிலும் தொட்டியில் வைத்த கொடியின் நுனி சுற்றி வருவதைக் குறித்துக்கொண்டே இருந்தார். களைப்புக்கு மருந்தாக விதைத்த இவை அனைத்தும் அவருடைய முதன்மைக் கொள்கைக்கே சான்றுகளாகத் திரும்பி வந்தன!

அந்தக் கொடியின் வழியாகத்தான் டார்வின் எனக்கு அறிமுகமானார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பாடம் படிக்காத ஒவ்வொரு மணியும் அம்மாவின் களையெடுப்புக் கூலியிலிருந்து திருடியதாகவே எனக்குத் தோன்றும். சென்ற பருவத்தில் வேதியியல் எவ்வளவு படித்தும் மனத்தில் ஏறவில்லை. சோர்ந்துபோய், விடுதியின் பின்வேலியில் படர்ந்த பாகற்கொடியின் பற்றுக்கம்பி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வந்தேன். அதைக் கண்ட பேராசிரியர் என்னைக் கடியவில்லை. நோய்ப்படுக்கையில் ஒருவர் இதையே செய்தார் என்று கூறி நூலகத்துக்கு அனுப்பினார். அன்றுமுதல் மாலையில் அரைமணி நேரம் கொடிக்கு, அதன்பின் வேதியியலுக்கு. தேர்வில் தேறினேன். மதிப்பெண் பெரிதன்று, ஆனால் புத்தகத்தைக் கண்டால் வந்த அச்சம் போயிற்று.

டார்வினின் கடைசி நூல் மண்புழுவைப் பற்றியது. 1837இல் அதுபற்றி ஒரு சிறு கட்டுரை படித்தார். 44 ஆண்டுகள் கழித்து, 1881இல் நூலாக்கினார். மண்புழு மண்ணைக் கிளறி வளமாக்குகிறது என்று அதில் மெய்ப்பித்தார். 1882 ஏப்ரல் 19ஆம் நாள் மறைந்தார்.

நண்பர்களே! களைத்த மனம் சோம்பிய மனம் அன்று. வேறொரு வரப்பில் சற்று நேரம் நடந்து வர அதற்கு இடம் கொடுப்போம். ஆனால் உளுந்தைப் பருத்திக்கு மேல் வளரவிடாமலும் பார்த்துக்கொள்வோம். இவ்விரண்டையும் கற்றுத்தர டார்வினின் வாழ்க்கை ஒன்றே போதும்!