எத்தியோப்பிய வயலில் நோய் எதிர்ப்பைத் தேடியவர், சிறையில் பசியால் இறந்தார்: யார் இந்த வவிலோவ்?

உகாண்டாவில் மரபணு மாற்றிய உருளைக்கிழங்கு, கென்யாவில் மரபணு மாற்றிய மரவள்ளி என்று அவ்வப்போது செய்தி வருவதைப் பார்த்திருப்பீர்கள். இது ஆப்பிரிக்காவின் பசியைத் தீர்க்கும் என்று ஒரு தரப்பு சொல்லும். இது விவசாயியைக் கம்பெனிகளிடம் கொண்டுபோய் நிறுத்திவிடும் என்று இன்னொரு தரப்பு சொல்லும். இந்தச் சண்டைக்கு நடுவில் ஒரு சின்னக் கேள்வி காணாமல் போய்விடுகிறது. நோயை எதிர்க்கும் அந்த மரபணு முதலில் எங்கிருந்து வந்தது? அதுவரை அதை யார் பத்திரமாக வைத்திருந்தார்கள்?

இந்தக் கேள்வியைச் சுமார் நூறு வருஷத்துக்கு முன்பே கேட்டு, பதிலைத் தேடி ஐந்து கண்டங்கள் சுற்றியவர் ரஷ்ய விஞ்ஞானி நிகோலாய் இவானோவிச் வவிலோவ். அவருடைய கதை தெரிந்தால், இன்றைக்கு ஆப்பிரிக்காவில் நடக்கும் விவாதம் உங்களுக்கு வேறு மாதிரி தெரியும்.

யார் இந்த வவிலோவ்?

1887 நவம்பரில் மாஸ்கோவில் பிறந்தவர். அப்பா கிராமத்து வறுமையிலிருந்து மாஸ்கோவுக்கு வந்து துணி வியாபாரத்தில் முன்னுக்கு வந்தவர். 1891-92ல் ரஷ்யாவில் பெரும் பஞ்சம் வந்தபோது நிகோலாய்க்கு 4 வயது. தம்பி செர்கேய் பின்னாளில் பெயர்பெற்ற இயற்பியலாளர் ஆனார். அண்ணன் விவசாயக் கல்லூரிக்குப் போனார்.

1913ல் இங்கிலாந்து சென்றார். மரபியல் அப்போதுதான் பிறந்திருந்த ஒரு துறை. அதன் முன்னோடிகளில் ஒருவரான வில்லியம் பேட்சனிடம் வேலை பார்த்தார். கேம்பிரிட்ஜில் ரோலண்ட் பிஃபன் என்ற பேராசிரியர் 1905லேயே ஒரு விஷயத்தைக் காட்டியிருந்தார்: கோதுமைக்கு மஞ்சள் துரு நோயைத் தாங்கும் சக்தி, நிறம், உயரம் மாதிரியே பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகும் ஒரு குணம். அதாவது நோய் எதிர்ப்பு என்பது மண்ணின் அதிர்ஷ்டமோ மழையின் தயவோ மட்டும் இல்லை. அது விதைக்குள் இருக்கிறது. ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குக் கொண்டுபோக முடியும்.

வவிலோவ் இதைப் பிடித்துக்கொண்டார். ஊர் திரும்பியதும், 1917ல் வோல்கா நதிக்கரை நகரமான சராத்தோவில் பேராசிரியர் ஆனார். தாவரங்களின் நோய் எதிர்ப்புச் சக்தி பற்றி ஒரு நூல் எழுதினார். அவருடைய வாதம் எளிமையானது. ஒரு பயிரும் அதைத் தாக்கும் கிருமியும் ஆயிரக்கணக்கான வருஷம் ஒரே இடத்தில் சேர்ந்து வாழ்ந்திருந்தால், அங்கே தாக்குப்பிடித்த செடிகள்தான் மிஞ்சியிருக்கும். அப்படியென்றால் எதிர்ப்புச் சக்தியை அங்கே போய்த்தானே தேட வேண்டும்?

1920ல் அவர் இன்னொரு கருத்தை முன்வைத்தார். நெருங்கிய உறவுள்ள பயிர்களில் ஒரே மாதிரியான மாற்றங்கள் வரும் என்பதுதான் அது. பார்லியில் ஒரு குணம் இருந்தால், அதன் உறவுக்காரரான கோதுமையிலும் அதைத் தேடிப் பார்க்கலாம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

எத்தியோப்பியாவுக்கு ஏன் போனார்?

1921ல் பெத்ரோகிராத் நகரின் பயன்பாட்டுத் தாவரவியல் துறைக்குத் தலைவரானார். அந்த நகரம்தான் பின்னர் லெனின்கிராத், இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க். அங்கிருந்து விதைப் பயணங்கள் தொடங்கின. 1924ல் ஆப்கானிஸ்தான். 1926ல் மத்தியதரைக்கடல் நாடுகள். அந்தப் பயணத்தின் தொடர்ச்சியாகத்தான் 1927ன் தொடக்கத்தில் ஜிபூட்டி வழியாக எத்தியோப்பியாவுக்குள் நுழைந்தார். அடிஸ் அபாபாவில், பின்னாளில் பேரரசர் ஹைலே செலாசி ஆகப்போகிற ராஸ் தஃபாரியைச் சந்தித்தார். பிறகு கோவேறு கழுதைகளோடு மலைநாட்டைக் கடந்து எரித்திரியாவின் அஸ்மாரா வரை போனார்.

அங்கே பார்த்தது அவரை அசத்திவிட்டது. ஒரே வயலில் பல வகைக் கோதுமை கலந்து நின்றது. ஊதா நிறத் தானியம் உள்ள கோதுமை, கணக்கில்லாத பார்லி வகைகள், டெஃப் எனும் கடுகைவிடச் சிறிய தானியம். மீசை இல்லாத கதிர் கொண்ட ஒரு கடினக் கோதுமையும் கிடைத்தது. உறவுப் பயிர்களைப் பார்த்து அப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று அவருடைய கருத்து முன்கூட்டியே சொல்லியிருந்தது.

வெளியூர்க்காரர் கண்ணுக்கு அது கலப்படமான, ஒழுங்கில்லாத வயல். வவிலோவுக்கோ அது ஒரு காப்பீடு. ஒரு வருஷம் துரு நோய் வந்தால் சில செடி சாகும், சில நிற்கும். நின்றதிலிருந்து விதை எடுப்பார்கள். தலைமுறை தலைமுறையாக இதைச் செய்தவர்கள் அங்கிருந்த விவசாயிகள்.

எத்தியோப்பியாதான் சில கோதுமைகளின் பிறப்பிடம் என்றும் அவர் நினைத்தார். அது சரியில்லை என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. கோதுமையும் பார்லியும் மேற்கு ஆசியாவிலிருந்து அங்கே போனவை. ஆனால் போன இடத்தில் அவை எடுத்த வடிவங்கள் ஏராளம். டெஃப், அரபிகா காபி போன்றவை எத்தியோப்பிய மண்ணிலேயே பிறந்தவை. நம்ம கேழ்வரகுகூட கிழக்கு ஆப்பிரிக்க மலைநாட்டில் பயிரான பிறகு இந்தியாவுக்கு வந்ததுதான்.

அந்த வயல்களில் என்ன இருந்தது?

1937-38ல் ஒரு ஜெர்மானியக் குழு எத்தியோப்பியாவில் நாட்டுப் பார்லி ரகங்களைச் சேகரித்தது. அவற்றில் சிலவற்றைச் சாம்பல் நோய் தொடவே இல்லை. இலை மேல் மாவு தூவியது போலப் படரும் பூஞ்சை நோய் அது. அந்தச் செடிகளில் எம்எல்ஓ என்ற மரபணு செயலிழந்திருந்தது என்று பின்னர் தெரிந்தது. பூஞ்சை உள்ளே நுழைய அந்த மரபணு உருவாக்கும் புரதம் தேவை. அது இல்லையென்றால் கதவு திறக்காது. 1980 வாக்கிலிருந்து ஐரோப்பாவின் கோடைப் பார்லி ரகங்கள் பலவற்றில் இந்தக் குணம் போய்ச் சேர்ந்தது. இத்தனை வருஷம் ஆகியும் பூஞ்சையால் அதை வெல்ல முடியவில்லை.

அசுவினி பரப்பும் மஞ்சள் குட்டை வைரஸைத் தாங்கும் இன்னொரு மரபணுவும் எத்தியோப்பியப் பார்லியிலிருந்தே அமெரிக்காவின் கலிபோர்னியாவுக்குப் போனது.

இப்போது அந்த உறவுக்காரர் கதைக்கு வருவோம். பார்லியில் இருந்த எம்எல்ஓ குணம் ரொட்டிக் கோதுமையில் இல்லை. காரணம், ரொட்டிக் கோதுமையில் ஒவ்வொரு மரபணுவும் மூன்று ஜோடியாக இருக்கும். மூன்றும் ஒரே செடியில் தானாகச் செயலிழப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். 2014ல் சீன ஆய்வாளர்கள் மரபணுத் திருத்தம் மூலம் மூன்றையும் நிறுத்திக் காட்டினார்கள். சாம்பல் நோயைத் தாங்கும் கோதுமை கிடைத்தது. கருவி புதுசு. ஆனால் எந்தக் கதவைப் பூட்ட வேண்டும் என்று காட்டிக்கொடுத்ததில் எத்தியோப்பிய வயலுக்கும் பங்கு உண்டு.

அவரை ஏன் கைது செய்தார்கள்?

1930 வாக்கில் வவிலோவ் சோவியத் வேளாண் அறிவியல் கழகத்தின் முதல் தலைவர். அவருடைய நிறுவனத்தில் 1940க்குள் சுமார் இரண்டரை லட்சம் விதை மாதிரிகள் சேர்ந்திருந்தன. ஆனால் ஸ்டாலினின் கூட்டுப்பண்ணைக் கொள்கை கிராமங்களைக் குலைத்து, பஞ்சம் வந்து, லட்சக்கணக்கானோர் இறந்திருந்தார்கள். அரசுக்கு உடனடி மகசூல் வேண்டும். ஒரு நல்ல ரகத்தை உருவாக்கப் பத்து வருஷம்கூட ஆகலாம் என்று சொல்பவரைவிட, இரண்டு மூன்று வருஷத்தில் தருகிறேன் என்பவரைத்தானே அதிகாரம் விரும்பும்?

அப்படிச் சொன்னவர் த்ரோஃபிம் லைசென்கோ. விதையைக் குளிரில் பதப்படுத்தினால் பயிரின் குணத்தையே மாற்றலாம் என்றார். மரபணு என்பதே முதலாளித்துவக் கற்பனை என்று அவருடைய கூட்டம் பேசியது. இதில் ஒரு சோகம் என்னவென்றால், ஆரம்பத்தில் லைசென்கோவை ஊக்கப்படுத்தி மேலே வரவைத்தவர்களில் வவிலோவும் ஒருவர். உண்மை புரிந்து எதிர்த்துப் பேசியபோது காலம் கடந்துவிட்டது. 1938ல் அந்தக் கழகத்தின் தலைமை லைசென்கோ கைக்குப் போனது. 1939ல் எடின்பரோவில் நடந்த உலக மரபியல் மாநாட்டுக்கு வவிலோவ்தான் தலைவர். அவரை அரசு அனுப்பவில்லை.

1940 ஆகஸ்ட் 6 அன்று, மேற்கு உக்ரைனில் செடி சேகரித்துக்கொண்டிருந்த பயணத்தின்போது கைது செய்யப்பட்டார். விவசாயத்தை நாசம் செய்தார், இங்கிலாந்துக்கு உளவு பார்த்தார் என்று குற்றச்சாட்டு. 1941 ஜூலையில் மரண தண்டனை. அடுத்த வருஷம் அது 20 ஆண்டு சிறையாகக் குறைந்தது. அடைக்கப்பட்ட இடம், இளம் பேராசிரியராக அவர் பாடம் நடத்திய அதே சராத்தோவ். மனைவி எலேனாவும் மகன் யூரியும் போர் காரணமாக இடம்பெயர்ந்து அதே ஊரில்தான் இருந்தார்கள். அவர் அங்கே இருப்பது அவர்களுக்குத் தெரியாது. உணவுப் பொட்டலங்களை மாஸ்கோவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 1943 ஜனவரி 26 அன்று, பட்டினியால் உடல் உருக்குலைந்து வவிலோவ் இறந்தார். வயது 55. 1955ல் அவர் குற்றமற்றவர் என்று அறிவித்தார்கள்.

அவர் சிறையில் இருந்தபோதுதான் லெனின்கிராத்தை நாஜிப் படை முற்றுகையிடத் தொடங்கியது. அந்த முற்றுகை 872 நாள் நீடித்தது. நகரம் பசியில் செத்தது. வவிலோவின் நிறுவனத்துக்குள் டன் கணக்கில் நெல், கோதுமை, கடலை இருந்தன. ஊழியர்கள் சாப்பிடவில்லை. நெல் தொகுப்பைக் கவனித்த திமித்ரி இவானோவ், நிலக்கடலை ஆய்வாளர் அலெக்சாந்தர் ஷுகின் உட்படப் பலர் பசியாலேயே இறந்தார்கள். விதைகள் தப்பின.

இதற்கும் இன்றைய ஆப்பிரிக்காவுக்கும் என்ன சம்பந்தம்?

உகாண்டாவின் மலைப்பகுதி விவசாயிகள் உருளைக்கிழங்கைப் பின்கருகல் நோயிலிருந்து காக்கத் திரும்பத் திரும்ப மருந்து அடிக்கிறார்கள். அங்கே ஆய்வில் இருக்கும் மரபணு மாற்றிய உருளைக்கிழங்கில் மூன்று எதிர்ப்பு மரபணுக்கள் உள்ளன. மூன்றுமே லத்தீன் அமெரிக்கக் காட்டு உருளைக்கிழங்கு இனங்களிலிருந்து வந்தவை. காட்டு உறவுகளைத் தேடி அந்தக் கண்டத்துக்கு 1920களிலேயே ஆட்களை அனுப்பியவர் வவிலோவ். ஆனால் உகாண்டா நாடாளுமன்றம் 2017ல் நிறைவேற்றிய உயிரிப் பாதுகாப்பு மசோதாவை அதிபர் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பினார்.

மரவள்ளியின் கதை இன்னும் நல்ல பாடம். கிழக்கு ஆப்பிரிக்காவில் அதை இரண்டு வைரஸ் நோய்கள் வாட்டுகின்றன: தேமல் நோய், பழுப்புக் கீற்று நோய். தேமலைத் தாங்கும் வலுவான எதிர்ப்பு, மேற்கு ஆப்பிரிக்க விவசாயிகளின் நாட்டு ரகங்களில் ஏற்கனவே இருந்தது. ஆய்வாளர்கள் அப்படி ஒரு ரகத்தை எடுத்து, பழுப்புக் கீற்றுக்கும் எதிர்ப்பைச் சேர்த்தார்கள். சேர்ந்தது. ஆனால் ஆய்வகத்தில் திசுவிலிருந்து செடி வளர்க்கும் கட்டத்தில், தேமலைத் தாங்கும் பழைய சக்தி தொலைந்துபோனது. 2016ல் இதை ஆய்வாளர்களே வெளியிட்டார்கள். வேறு ரகத்தைக் கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள். 2021ல் கென்யாவின் உயிரிப் பாதுகாப்பு ஆணையம் பழுப்புக் கீற்றைத் தாங்கும் மரவள்ளிக்கு அனுமதி தந்தது. 2012 முதல் இருந்த மரபணு மாற்ற உணவுத் தடையை 2022ல் கென்ய அரசு நீக்கியது. அது நீதிமன்ற வழக்குகளில் போய் நின்றது.

இந்தத் தொழில்நுட்பம் கெட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. நோயில் மொத்த வயலையும் இழக்கிற விவசாயிக்கு அது நிஜமான உதவியாக இருக்கலாம். ஆனால் அது நிற்பது நாட்டு ரகங்களின் தோளில். ஒரு எதிர்ப்பு உடைந்தால் அடுத்தது வேண்டும். 1998ல் உகாண்டாவில் கண்டுபிடிக்கப்பட்ட தண்டுத் துரு நோயின் புதிய வகை, உலகமெங்கும் கோதுமைகள் நம்பியிருந்த ஒரு மரபணுவை முறியடித்தது. அதைத் தாங்கும் மரபணுக்களில் ஒன்று எஸ்ஆர்-13. அது எத்தியோப்பிய நாட்டுக் கோதுமையில் இருக்கிறது. இந்தியாவின் கப்லி கோதுமையிலும் இருக்கிறது. நீங்கள் கடையில் சம்பா கோதுமை என்று கேட்டு வாங்குவீர்களே, அந்த இனம்தான்.

எத்தியோப்பியா 1976லேயே தனக்கென்று ஒரு மரபணு வங்கியைத் தொடங்கிவிட்டது. பயிர் மரபு வளங்களின் பலனைப் பகிர்வதற்கான சர்வதேச ஒப்பந்தம் 2004ல்தான் நடைமுறைக்கு வந்தது. 1937ல் பார்லி கொடுத்த விவசாயிக்குப் பங்கு கேட்க எந்தச் சட்டமும் இல்லை. இன்று சட்டம் இருக்கிறது, ஆனால் வீரிய விதை வந்ததும் கலப்பு வயல்கள் சுருங்கிக்கொண்டே போகின்றன. அடுத்த முறை நோய் தாங்கும் புதிய பயிர் பற்றிச் செய்தி வந்தால், எந்தக் கம்பெனி, எந்த ஆய்வகம் என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். அந்தக் குணம் எந்த ஊர் வயலிலிருந்து வந்தது, அந்த வயலில் இப்போது என்ன விதைக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.