தண்ணீரில் ஓடிய பொருளாதாரம்

நாட்டின் வருமானம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதைக் குழாயில் ஓடவிட்டு, எல்லாரும் பார்க்கும்படி செய்தவர் பில் பிலிப்ஸ்.

அவர் 1914-ஆம் ஆண்டு நியூஸிலாந்தில் ஒரு பால்பண்ணைக் குடும்பத்தில் பிறந்தார். இளமையில் மின்சார வேலை பழகினார். ஆஸ்திரேலியாவில் முதலை வேட்டையாடினார். சீனா, ருஷ்யா வழியாக லண்டன் போய்ச் சேர்ந்தார். இரண்டாவது உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் விமானப் படையில் பணியாற்றினார். ஜாவாவில் ஜப்பானியரிடம் சிறைப்பட்டு, மூன்றரை ஆண்டுகள் முகாமில் வாடினார். அங்கேயும் காவலர் கண்ணில் படாமல் ரேடியோவை இயங்கச் செய்தார்!

விடுதலையானபின், லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் சமூகவியல் படித்தார். தேர்வில் சாதாரணமாகவே தேறினார். ஆனால் பொருளாதாரம் அவர் மனத்தைக் கவர்ந்தது.

1949-ல் ஒரு கராஜில், பழைய விமான உதிரிப் பாகங்களையும் பிளாஸ்டிக் தொட்டிகளையும் கொண்டு, ஏழடி உயர யந்திரம் ஒன்றை அமைத்தார். வர்ணத் தண்ணீர்தான் அதில் வருமானம். வரி, சேமிப்பு, இறக்குமதி என்று ஒவ்வொரு பங்காகப் பிரிந்து போகும். சர்க்கார் செலவும் முதலீடும் ஏற்றுமதியும் மறுபடி வந்து சேரும். வரியைக் கூட்டினால் வருமான மட்டம் இறங்கும். பேராசிரியர்கள் வியந்தார்கள். அதே கல்லூரியில் அவருக்கு உத்தியோகம் கிடைத்தது. 1958-ல் பேராசிரியரும் ஆனார்.

அவ்வாண்டிலேயே அவரது புகழ்பெற்ற கட்டுரை வெளிவந்தது. 1861 முதல் 1957 வரை பிரிட்டனின் கூலிக் கணக்கை ஆராய்ந்தார். வேலையில்லாதோர் குறைந்தால், ஆள் தேடும் முதலாளிகள் போட்டி போட்டுக்கொண்டு கூலியை உயர்த்துகிறார்கள். வேலையில்லாதோர் பெருகினால் கூலி உயர்வு மந்தமாகிறது. நூற்றுக்கு இரண்டரைப் பேர் அளவில் வேலையின்றி இருந்தால் விலைவாசி ஏறக்குறைய நிலையாக நிற்கும் என்று கணக்கிட்டார். தம் முடிவுகள் தற்காலிகமானவை என்றும் எச்சரித்தார்.

எச்சரிக்கையை மறந்தவர்கள் பலர். கொஞ்சம் விலை ஏறினால் போகட்டும், வேலை பெருகுமே என்று இந்தக் கோட்டை ஒரு விலைப்பட்டியலாக எடுத்துக்கொண்டார்கள். விலை ஏறப்போகிறது என்று தெரிந்துகொண்ட தொழிலாளி, அதையும் சேர்த்துக் கூலி கேட்பான் என்று ஃபிரீட்மனும் ஃபெல்ப்ஸும் 1960-களின் இறுதியில் சுட்டிக்காட்டினார்கள். அப்படியே நடந்தது. 1970-களில் பல நாடுகளில் விலைவாசியும் வேலையில்லாத் திண்டாட்டமும் சேர்ந்தே ஏறின.

பிலிப்ஸ் 1967-ல் ஆஸ்திரேலியா சென்றார். 1969-ல் பக்கவாதம் தாக்கியது. 1975-ல் ஆக்லந்தில் காலமானார்.

அவரது யந்திரம் ஒன்று லண்டன் விஞ்ஞானப் பொருட்காட்சிச்சாலையில் இருக்கிறது. தண்ணீர் நாளைய விலையை எண்ணிப் பார்ப்பதில்லை. மனிதன் எண்ணிப் பார்க்கிறான். பிலிப்ஸுக்குப் பின் வந்த நிபுணர்கள் கணக்கில் சேர்க்க வேண்டியிருந்தது அதைத்தான்.